கணவாய்க்கு நடுவில் ஒரு கயிறு

என் மகள் மீரிமை அழைத்துப் போக மாப்பிள்ளை வீட்டார் வரவேண்டிய நாளில், நான் ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தேன். ஒரு கையில் தொலைபேசி, இன்னொரு கையில் புதுப் பட்டுத் தலைத்துணி. அதைக் கட்டிக்கொள்ளக்கூட நேரமில்லை. முந்தின நாள் மத்தியானம் பிடித்த பனிப்புயல் விடிந்த பிறகுதான் ஓய்ந்திருந்தது. கதவைத் திறந்தால் இடுப்பு உயரத்துக்குப் பனி, கதவின் அச்சு அதில் அப்படியே பதிந்து நின்றது.

எங்கள் தெர்ஸ்-சூ ஊராட்சிக்கு இருப்பது ஒரே ஒரு டிராக்டர். முன்னால் இரும்புத் தகட்டை மாட்டி ஜுமாதில் அதை ஓட்டுவான். வெயில் அடிக்கும் வரை அந்த டிராக்டரையும் தலைவியான என்னையும் யாரும் சீந்தமாட்டார்கள். பனி விழுந்தால் போதும், ஊர் முழுக்க உறவு கொண்டாடும்.

"புருல்கான் அக்கா, எங்க தெருவுக்கு டிராக்டர் எப்போ வரும்?"

"ஆஸ்பத்திரித் தெரு முடியட்டும்."

"விருந்துன்னா மட்டும் எங்க தெருவுக்குத்தான் முதல்ல வர்றீங்க!"

"இன்னிக்கு ஒரு விருந்து வை. இப்பவே வர்றேன்."

அடுத்து தெமிர்குல் மாமா. "அம்மாடி, என் மாடு கன்னு போடப் போகுது, வழிய ஒதுக்கச் சொல்லு."

"மாடு ரோட்டுலயா மாமா கன்னு போடும்? தொழுவத்துலதானே போடும்?"

"பாக்க வர்றவங்க எப்படி வருவாங்க?" என்றார் அவர். இந்த ஊரில் தலைவியாக இருந்து இன்னும் எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்பதே பெரிய விஷயம்.

முதலில் ஆஸ்பத்திரி, பிறகு தண்ணீர்க் குழாய், பள்ளிக்கூடம், ரொட்டிக் கடை. கணவாய்ச் சாலை கடைசியில்தான் என்று ஜுமாதிலிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அந்தச் சாலை வழியாகத்தான் என் சம்பந்தி வீட்டார் வரவேண்டும். அதனாலேயே அதைக் கடைசியில் வைத்தேன். இல்லையென்றால், அரசாங்க டீசலில் மகள் கல்யாணத்தை நடத்திக்கொண்டாள் என்று பேரப்பிள்ளை காலம் வரைக்கும் பேசுவார்கள்.

ஆனால் உண்மையான தலைவலி சாலையில் இல்லை, கணவாயின் உச்சியில் இருந்தது. அங்கே எங்கள் ஊராட்சியின் எல்லைக் கல் ஒன்று நிற்கிறது. கூப்பிடு தூரம் தள்ளி, கோக்-பெல் ஊராட்சியின் எல்லைக் கல். இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டுச் சாலை, யார் கணக்கிலும் சேராமல் கிடக்கிறது. பழைய கூட்டுப்பண்ணைக் காலத்தில் அதை அளந்தவன் எதைக் குடித்துவிட்டு அளந்தானோ, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒவ்வொரு குளிர்காலமும் நான் அதை கோக்-பெல்லுடையது என்பேன். கோக்-பெல் தலைவர் ஷார்ஷென் அது எங்களுடையது என்பார். மாவட்டக் கூட்டத்தில் அந்த மனுஷனின் மீசையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த மீசைக்குத்தான் ரிஸ்பெக் என்று ஒரு மகன் இருந்தான். எங்கள் பள்ளிக்கூடத்துக் கூரையைச் சரிபார்க்க வந்தவன், கூரையைப் பார்த்ததைவிட அங்கே பாடம் நடத்தும் மீரிமைப் பார்த்ததுதான் அதிகம். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு கடைசியாக எனக்குத் தெரிந்தது. நானும் முறுக்கிக்கொண்டேன், ஷார்ஷெனும் முறுக்கிக்கொண்டார். கல்யாணத்தை இரண்டு தடவை தள்ளிப்போட்டோம். இப்போது தள்ளிப்போட இடமில்லை. மறுநாள் நோன்பு மாதம் பிறக்கிறது, அதில் கல்யாணம் கிடையாது. அது முடிவதற்குள் ரிஸ்பெக் கட்டட வேலைக்கு ரஷ்யா போய்விடுவான், திரும்பி வர இலையுதிர் காலம் ஆகிவிடும்.

"இன்னிக்கு நடக்கலேன்னா இது நடக்கவே நடக்காதும்மா" என்று மீரிம் காலையிலேயே சொல்லியிருந்தாள். "அதுக்குள்ள உங்க ரெண்டு பேருக்கும் புதுசா ஒரு சண்டை கிடைச்சிடும்."

அவள் வாய்முகூர்த்தமோ என்னவோ, அலுவலகத்துத் தொலைபேசி மறுபடி அடித்தது. ஷார்ஷென்.

"சம்பந்தியம்மா, சௌக்கியமா? வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா? ஆடு மாடு நல்லா இருக்கா?"

"எல்லாம் நல்லா இருக்கு சம்பந்தி. எங்க இருக்கீங்க?"

"கிளம்பி வந்து எங்க எல்லைக் கல்லுகிட்ட நிக்கிறோம். இதுவரைக்கும் சுத்தமா ஒதுக்கியாச்சு."

"அப்போ வாங்க."

"எப்படி வர்றது? நடுவுல உங்க துண்டு கிடக்குதே."

எனக்குக் காது சூடானது. "எங்க துண்டா? கல்யாண நாள்லயும் இதே பேச்சா? உங்க டிராக்டர்தானே அங்க நிக்குது, நாலு தடவை போய்ட்டு வந்தா முடிஞ்சுது!"

"இன்னிக்கு நான் ஒதுக்குவேன். நாளைக்கு மாவட்டத்துல போய், 'அவரே ஒதுக்கினாரு, அது அவரோடதுதான்'னு சொல்லுவீங்க. உங்கள எனக்குத் தெரியாதா சம்பந்தியம்மா?"

சொல்லியிருப்பேன். அதில் சந்தேகமே இல்லை. சம்பந்தியிடம் தொலைபேசியைப் பட்டென்று வைக்கக் கூடாது, அதனால் மெதுவாக வைத்தேன். பிறகு மேசையை ஓங்கிக் குத்தினேன்.

வீட்டுக்குப் போனால் வாசல் முழுக்க மணம். என் கணவர் கெரிம் கறிக் கொப்பரைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் கவனமெல்லாம் விறகின்மேல் போய்விட்டது. உள்ளே விரிப்பின்மேல் பொரித்த போர்சோக் மாவுத்துண்டுகளும் உலர்பழமும் குவிந்து கிடந்தன. மீரிம் வெள்ளைக் கவுனும் உயரமான மணப்பெண் தொப்பியும் அணிந்து தயாராக இருந்தாள், காலில் மட்டும் பழைய கம்பளிப் பூட்ஸ்.

"போனா போகுது, ஜுமாதிலை அனுப்பி நானே அந்தத் துண்டை ஒதுக்கிடறேன்" என்றேன்.

"அண்ணி!" என்று அலறினாள் என் நாத்தனார் சாய்ரா. "பொண்ணு வீட்டுக்காரங்க போய் மாப்பிள்ளை வர்றதுக்கு வழி வெட்டிக் குடுக்கிறதா? பொண்ணைத் தள்ளிவிட அவ்வளவு அவசரமான்னு கேப்பாங்க. அந்த ஊர்ப் பொம்பளைங்க சும்மாவா விடுவாங்க? நாளைக்கு மீரிம் ஒரு டீ ஆறிப்போய்க் குடுத்தாக்கூட, 'உங்கம்மாதான் வழிய வெட்டி உன்னை அனுப்பிவச்சாளே'ம்பாங்க."

அவள் சொன்னது சரிதான். பெண் வீட்டார் அந்த நாளில் வழி திறப்பதில்லை. எத்தனை கஷ்டமானாலும் மாப்பிள்ளை வீட்டார்தான் வந்து சேரவேண்டும். அதில்தான் பெண்ணின் மதிப்பு இருக்கிறது. அந்த முறையை மீறி மகளுக்கு வாழ்நாள் முழுக்கக் கேட்கும் ஒரு சொல்லை வாங்கித்தர எனக்கு மனம் வரவில்லை. அவளை இப்படியே உட்காரவைக்கவும் மனம் வரவில்லை. அழுகை வந்தது. அழுதால் இவர்கள் எல்லாரும் ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள் என்ற பயத்தில் அடக்கிக்கொண்டேன்.

சாய்ரா கதவோரம் சுருட்டி வைத்திருந்த கயிற்றைக் காலால் தள்ளினாள். ஆட்டுரோமக் கயிறு, நெடுக வண்ணத் துணிகள் முடிந்திருந்தன. மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் வரும்போது பெண் வீட்டுப் பெண்கள் குறுக்கே பிடித்து வழிமறிக்கும் கயிறு. பரிசு வைத்தால்தான் இறக்குவார்கள். "ராத்திரி பூரா உக்காந்து முடிஞ்சேன்" என்று முணுமுணுத்தாள். "மறிக்கிறதுக்கு ஆள் வந்தாத்தானே!"

மீரிம் கயிற்றைப் பார்த்தாள். "அத்தை, இதை எங்க கட்டணும்னு ஏதாவது முறை இருக்கா?"

"என்ன முறை? நம்ம இஷ்டம்தான். வாசல்ல கட்டலாம், தெருமுனையில கட்டலாம், ஊர் எல்லையில கூடக் கட்டுவாங்க."

"கணவாயில கட்டலாமா?"

சாய்ரா குனிந்து கயிற்றைக் கையில் எடுத்தாள். மீரிம் விடவில்லை.

"கயிறு கட்டப் போறது வழிய தொறக்கிறதா, மறிக்கிறதா அத்தை?"

"மறிக்கிறது..." என்றாள் சாய்ரா மெதுவாக. பிறகு தொடையில் அறைந்துகொண்டு சிரித்தாள். "மறிக்கிறதுதான்டி! அடி கள்ளி! மறிக்கிற இடத்துக்குப் போகணும்னா வழி வேணுமே, அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?" நானும் சிரித்தேன். அவள் என் மகள்தான் என்பதில் ஊருக்கு இனிமேல் சந்தேகம் இருக்காது.

சாய்ராவின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. அவள் ஒருமுறை தெருவில் நடந்தாள், பெண்கள் எல்லாரும் பனி தள்ளும் மரப்பலகைகளோடு வந்துவிட்டார்கள். தெருவுக்கு டிராக்டர் வரவில்லை என்று காலையில் என்னைத் திட்டியவளும் வந்திருந்தாள். "என் தெரு கிடக்கட்டும் அக்கா. ஷார்ஷெனை மறிக்கணும்னா எத்தனை தூரம்னாலும் நடப்பேன்" என்றாள்.

அதற்குள் ஜுமாதில் ஊர் வேலையெல்லாம் முடித்து, கணவாய்ச் சாலையையும் எங்கள் எல்லைக் கல் வரை ஒதுக்கியிருந்தான். நாங்கள் அவன் பின்னாலேயே வண்டியில் நெருக்கியடித்துப் போய் இறங்கினோம். வானம் வெளுத்து, வெயில் பட்டுப் பனி கண்ணைக் கூசவைத்தது.

"இதோட நம்ம எல்லை முடிஞ்சுதுக்கா" என்றான் ஜுமாதில்.

"தெரியும். நீ டிராக்டர்லயே உக்காந்து டீ குடி. அரசாங்கம் ஓய்வெடுக்கட்டும்."

மார்பளவு பனியில் பெண்கள் இறங்கினோம். ஒருத்தி வெட்ட, ஒருத்தி தள்ள, ஒருத்தி பாட, ஒருத்தி விழ, எல்லாரும் சிரிக்க. என் பட்டுத் தலைத்துணி எப்போது அவிழ்ந்து விழுந்தது என்றே தெரியவில்லை. எதிரே கோக்-பெல்லின் கார்கள் ரிப்பன் கட்டி வரிசையாக நின்றன. வெள்ளைத் தொப்பி போட்ட ஆண்கள் கைகட்டி எங்களை வேடிக்கை பார்த்தார்கள். நடுவில் அந்த மீசை.

"சம்பந்தியம்மா!" என்று கத்தினார் ஷார்ஷென். குரலில் என்ன ஒரு சந்தோஷம்! "கடைசியில உங்க துண்டை நீங்களே ஒதுக்குறீங்களா?"

"ஒதுக்குறதா? யாரு ஒதுக்குறாங்க? உங்கள மறிக்க வந்திருக்கோம்!"

பாதித் தூரம் வந்ததும் சாய்ரா பலகையை ஊன்றினாள். "போதும். இங்கேயே பிடிங்கடி!" இரண்டு பக்கமும் பெண்கள் பனிக்குள் காலை அழுத்தி நின்று கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள். வண்ணத் துணிகள் காற்றில் படபடத்தன. சாய்ரா கையைக் குவித்து மலை எதிரொலிக்கக் கத்தினாள். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்களே! கயிறு கட்டியாச்சு! கயிறுகிட்ட வந்து பரிசு வைங்க! வரமுடியாத கஞ்சனுங்க அப்படியே வீட்டுக்குத் திரும்பலாம்!"

கயிறு கட்டிய பிறகு மாப்பிள்ளை வீட்டார் அதுவரை வராமல் நின்றதாக எங்கள் பக்கத்தில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. முதலில் ரிஸ்பெக் குதித்தான். நல்ல கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு, இனிப்பு வைத்திருந்த தாம்பாளத்தைக் கவிழ்த்து, அதைக் கொண்டே பனியை வாரி எறிய ஆரம்பித்தான். அவன் அம்மா அனார்கான் புருஷனைப் பிடித்து உலுக்கினாள்.

"என்ன நிக்கிறீங்க? கஞ்சன்னு சொல்றது காதுல விழலையா?"

"அடேய், டிராக்டரை விடுடா!" என்று கத்தினார் ஷார்ஷென்.

"நம்ம எல்லை இல்லையேண்ணே?" என்றான் அவருடைய டிரைவர்.

"எல்லையாவது மண்ணாவது! கயிறு கட்டிட்டாங்கடா!"

டிராக்டர் உறுமிக்கொண்டு வந்தது. அதன் பின்னால் ஆண்கள் ஓடிவந்தார்கள். கயிற்றுக்கு முன்னால் தகடு நின்றதும் பெண்கள் போட்ட கூச்சலில் மலையிலிருந்து ஒரு பனித்திட்டு சரிந்து விழுந்தது. சாய்ரா பேரம் பேசினாள். ஆளுக்கொரு சால்வை, பெட்டி பெட்டியாக மிட்டாய், அது போதாதென்று ரிஸ்பெக்கைப் பாடவும் வைத்தாள். அவனுக்குச் சுருதியே கிடையாது. ஆனாலும் முழுப் பாட்டையும் பாடினான். அப்போதுதான் எனக்கு அவனை உண்மையிலேயே பிடித்துப்போனது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் மீசையில் பனி உறைந்து ஷார்ஷென் நின்றார்.

"ஒதுக்கிட்டீங்களே சம்பந்தி" என்றேன்.

"நான் எங்க ஒதுக்கினேன்? கயிறு வரைக்கும் வந்தேன், அவ்வளவுதான். நீங்கதான் ஒதுக்கினீங்க."

"நானா? நான் மறிக்க வந்தவ."

எத்தனையோ வருஷத்தில் முதல்முறையாக அந்த ஆள் என் முன்னால் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கும்போது பார்க்கச் சகிக்கக்கூடிய முகம்தான்.

கயிற்றை இறக்கி அவர்களை வீட்டுக்கு அழைத்து வந்தோம். எல்லாரும் சாப்பிட்டார்கள், சாப்பிடமுடியாமல் கட்டியும் கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் மீரிமைக் காரில் ஏற்றினோம். "வெள்ளை வழி அமையட்டும்" என்று, நல்லபடியாகப் போய்ச்சேர எங்கள் வழக்கப்படி கூட்டமாக வாழ்த்தினார்கள். "இதுக்கு மேல வெள்ளையா எங்க போய் வாங்குறது!" என்றார் தெமிர்குல் மாமா. சிரிப்புக்கு நடுவே மீரிம் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னாள். என் அழுகையில் அது எனக்குக் கேட்கவில்லை. பெற்றவள் கூடப் போகக்கூடாது. கார்கள் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். கெரிம் வந்து தோளில் கை வைத்தார். அன்று அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினார். "வீடு பெருசாயிடுச்சு" என்றார்.

ராத்திரி காற்று அடித்து, ஒதுக்கிய வழியெல்லாம் மறுபடி பனி மூடிவிட்டது. காலையில் ஜுமாதிலைக் கூப்பிட்டேன். "ஆஸ்பத்திரி, தண்ணீர்க் குழாய், பள்ளிக்கூடம், ரொட்டிக் கடை. அது முடிஞ்சதும் கணவாய்க்குப் போ. கல்லோட நிக்காதே. அந்தத் துண்டையும் முழுசா ஒதுக்கு."

"அது நம்மளுது இல்லையேக்கா?"

"சொன்னதைச் செய்."

வெயில் ஏறிய பிறகு அவனிடமிருந்து அழைப்பு வந்தது. "அக்கா, நான் ஒண்ணும் ஒதுக்க வேண்டியதில்ல. கோக்-பெல் டிராக்டர் காலையிலயே வந்து நம்ம கல்லு வரைக்கும் சுத்தமா வழிச்சுட்டுப் போயிருக்கு."

எனக்கு வந்ததே கோபம். உடனே ஷார்ஷெனைக் கூப்பிட்டேன். நலம்கூட விசாரிக்கவில்லை.

"சம்பந்தி, எங்க துண்டுல உங்க டிராக்டருக்கு என்ன வேலை?"

"உங்க துண்டா?" என்று அவரும் எகிறினார். "யாரு சொன்னா? விடிஞ்சதும் உங்க பொண்ணு ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு, 'மாமா, எங்கம்மா வீட்டுக்குப் போற வழி தெறந்திருக்குமா?'ன்னு கேட்டா. கேட்டது என் வீட்டுல. அதனால துண்டு என்னோடது."

திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, "நாளைக்கு உங்களுக்கு முன்னாடி நான் வந்துடுவேன், பாத்துக்கோங்க" என்று மட்டும் சொன்னேன்.