அடிபட்டால் மட்டும் லீவு

விடுமுறை சீசன் தொடங்கியதும் மேனேஜர் எங்கள் பார்சல் கிடங்கில் எல்லோரையும் கூட்டி, சிரித்த முகத்தோடு அறிவித்தார்: சீசன் முடிகிறவரை யாருக்கும் லீவு இல்லை. வேலையில் அடிபட்டால் மட்டும் விலக்கு.

பெட்டி ஒட்டுகிற குட்டையனோ ஊருக்குப் போயே ஆகவேண்டியிருந்தது. கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன மனைவி, "ஞாயித்துக்கிழமைக்குள்ள நேர்ல வந்து உன் வாயால கூப்பிடு, வர்றேன். இல்லன்னா ஜென்மத்துக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டாள். மேனேஜர் கேட்டு உருகிப்போனார். "போன்ல கூப்பிடுப்பா" என்றார்.

குட்டையன் மச்சானிடம் போனான். மனைவியின் தம்பி, இதே கிடங்கில் லாரியில் சரக்கு ஏற்றுகிறவன்.

"மச்சான், என் கையை உடைச்சு விடு."

"எந்தக் கை மாமா?" ஏன் என்று அவன் கேட்கவே இல்லை.

"இடது கை. சுண்டுவிரல் போதும்."

"சுண்டுவிரலுக்கெல்லாம் லீவு தரமாட்டாங்க. நீங்க கண்ண மூடுங்க."

தள்ளுவண்டியின் இரும்புப் பிடியைக் கழற்றி எடுத்து வந்தான். முதல் அடியில் மணிக்கட்டு மளுக்கென்றது.

"போதும்டா!"

"அது லீவுக்கு மாமா. இது எங்கக்காவை மழையில நிக்க வச்சதுக்கு." முழங்கால் போனது. "இது எங்கம்மாவை வாய்க்கு வந்தபடி பேசினதுக்கு." உதடு கிழிந்து, இரண்டு பற்கள் உடைந்து, திறந்திருந்த பரிசுப் பெட்டி ஒன்றில் விழுந்தன. சீசன் அவசரம், பெட்டியை யாரோ அப்படியே ஒட்டி அனுப்பிவிட்டார்கள்.

குட்டையனும் சும்மா இல்லை. டேப் கட்டரை எடுத்து, அதன் பல்லால் மச்சான் கன்னத்தைக் காதிலிருந்து வாய்வரை உழுதான். கட்டிப்புரண்டு இருவரும் பார்சல் ஓடுகிற பெல்ட்டில் விழுந்தார்கள். சீசனில் பெல்ட்டை நிறுத்த மேனேஜருக்கு மட்டும்தான் அதிகாரம். அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள், ரத்தம் சொட்டச் சொட்ட, வெளியூர் பார்சல் பிரிவுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"ரெண்டு பேருக்கும் லீவு" என்றார் மேனேஜர். அழுதே விட்டார், ஆள் குறைகிறதே என்று.

டாக்டர் குட்டையனின் உதட்டைத் தைத்து, வாயைத் திறந்தால் பிரிந்துவிடும் என்று எச்சரித்தார். மச்சானும் போகவேண்டியது அதே வீடுதான். கன்னத்தில் பஞ்சோடு, மாமாவை முதுகில் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் போய் நின்றான்.

கதவைத் திறந்தவள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"மாமா உன்னைக் கூப்பிட வந்திருக்காருக்கா."

"அவர் வாயால கூப்பிடட்டும்."

"தையல் போட்டிருக்கு. பேசக்கூடாது."

"அப்ப கிளம்புங்க."

அவள் கதவைப் பாதி சாத்தியபோது, குட்டையன் நல்ல கையால் கதவைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தான். தையல் ஒவ்வொன்றாக அறுந்தது. ரத்தம் சட்டையில் கொட்டியது.

"வா... வந்துடு."

அவள் முந்தானையை அவன் வாயில் வைத்து அழுத்தினாள்.

"வர்றேன். முதல்ல வாயை மூடு."