மேல்கணக்கில் இறங்காத கைகள்

நமுனுகுல மலையடியில், தேயிலைத் தோட்டத்து மேல்கணக்கு டிவிசனில், 2023 மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் காலை ஆறரைக்குத் தூக்கப்பட்ட நாற்பத்திமூன்று வலக்கைகள் இன்னும் இறங்கவில்லை. அன்று பனி கொஞ்சம் அதிகம். வேறு விசேஷம் எதுவும் இல்லை.

வேலைக்கு ஆள் எடுக்கும் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை இராசையா பேர் கூப்பிடுவார். கை தூக்கினால்தான் அன்றைய சம்பளம். நூற்றைம்பது வருடப் பழக்கம். மேல்கணக்கில் பிள்ளைகள் கை தூக்கியபடியே பிறக்கும். இரண்டு பிறப்புக்குச் சாட்சியும் உண்டு. அன்று கொழும்பிலிருந்து வந்த கம்பெனி அதிகாரி சிங்களத்தில் ஒன்பது பக்கம் வாசித்துவிட்டு ஏதோ கேட்டார். பேர்தான் கூப்பிடுகிறார்கள் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். நாட்டுக்குக் கடன் கொடுத்தவர்கள் கேட்ட சீர்திருத்தம் இப்படி ஜனநாயக முறைப்படி நிறைவேறியது: இனி நாள் சம்பளம் கிடையாது, ஆளுக்கு ஆயிரம் தேயிலைச் செடி, உரம் அவரவர் பொறுப்பு, கொழுந்துக்குக் கம்பெனி சொல்வதே விலை, மூன்று மாதம் சொன்ன கிலோ குறைந்தால் செடியோடு குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். எல்லோரும் முதலாளி ஆகிவிட்டதாகச் சொல்லி அதிகாரி கைகுலுக்க வந்தார். குலுக்க வாகாக ஒரு கையும் இல்லை.

"கைய எறக்கேன்டி கலா, பேரு போட்டாச்சில்ல?" என்றாள் பெரியாயி.

"நீங்க மொதல்ல எறக்குங்கக்கா, பாப்போம்" என்றாள் கலாராணி.

கொழும்புக்குப் போன புருஷன் திரும்பாத கலாராணிக்கு இரண்டு பெண் பிள்ளைகளும் அந்தக் காம்பராவும்தான் மிச்சம்.

ஆஸ்பத்திரியில் எலும்பு நன்றாயிருக்கிறது என்றார்கள். பிறகு எல்லோரும் பழகிக்கொண்டார்கள். கைக்குக் கை கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள். பெரியாயியின் உள்ளங்கையில் மைனா மூன்று தடவை குஞ்சு பொரித்தது. பக்கத்து ஊர் எல்லவுக்குச் சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்கள் இது மலைநாட்டு நடனம் என்று படம் பிடித்தார்கள். தேர்தலில் நின்ற அத்தனை கட்சிக்காரர்களும் ஆதரவு தமக்கே என்று கும்பிட்டுப் போனார்கள். கம்பெனிக்குத்தான் பெரிய சௌகரியம்: மாதாமாதம் அதிகாரி வருவார், புது நிபந்தனை வாசிப்பார், நிமிர்ந்து பார்ப்பார், 'ஏகமனதாக' என்று எழுதுவார்.

கூடக் கிள்ள ஆளில்லாமல் ஒற்றைக் கையால் கொழுந்தெடுத்த கலாராணிக்கு இரண்டு மாதம் கிலோ குறைந்தது. மூன்றாம் மாதம் பல்லாலும் கிள்ளினாள். பல்லில் மூன்று விழுந்தது. தராசில் பதினொரு கிலோ குறைந்தது.

அதிகாரி கேட்டதை இராசையா தரையைப் பார்த்தபடி தமிழில் சொன்னார்: "கலாராணி காம்பராவ எடுக்கச் சம்மதிக்கிறவங்க கையத் தூக்கணுமாம்."

"இது அன்னிக்குத் தூக்குன கைங்கய்யா!" என்று பெரியாயி கத்தினாள். "இன்னைக்கு எவ தூக்குனா? சொல்லுங்க, அந்தத் தொரைகிட்ட!"

இராசையா சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு எண்ணத் தொடங்கினார். கலாராணி இடக்கையால் தன் வலக்கையைப் பிடித்துத் தொங்கினாள். பிள்ளைகள் இருவரும் அவள் இடுப்பைப் பிடித்துத் தொங்கினார்கள். ஆறு கால்களும் தரையைவிட்டு எழும்பின, கை இறங்கவில்லை. நாற்பத்திரண்டு என்று நின்றுவிடும் என இராசையா நினைத்திருந்தார். அதிகாரி அவளையும் சேர்த்து நாற்பத்திமூன்று என்று எழுதினார்.

மறுநாள் அவள் பிள்ளைகளோடு பதுளை பஸ் ஏறினாள். உட்கார இடமில்லை. வளைவு வந்ததும் கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொள்ளும்படி எல்லோரிடமும் சொன்னான். அவளிடம் மட்டும் சொல்லவில்லை.