தவிசாளர் வெளியே நின்ற பத்து நிமிடம்

அன்று நகர சபையின் கூட்ட அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். தவிசாளர் நிரோஷன், சபை உறுப்பினர்கள் அழகம்மா, பிரதாப், செயலாளர் பிரியந்தி, பஜாரில் புத்தகக் கடை வைத்திருக்கும் முஹம்மது, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் நாகலெட்சுமி. ஏழாவதாக ஒருவரும் இல்லை. தாங்களும் அங்கிருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் அன்று வேறெங்கோ இருந்தவர்கள்.

கூடிய காரியம் இதுதான். பொது நூலகத்தை மேற்பார்க்கும் குழுவுக்குச் சபைக்கு வெளியிலிருந்து ஒருவரை நியமிக்க வேண்டும். ஒரு நாற்காலிக்கு இரண்டு விண்ணப்பங்கள்: ஒன்று முஹம்மதுவுடையது, மற்றது நாகலெட்சுமியுடையது. தெரிவு செய்யும் பொறுப்பை அழகம்மாவிடமும் பிரதாப்பிடமும் சபை விட்டிருந்தது. அவர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றால், தவிசாளர் ஓட்டுப்போட்டுத் தீர்க்க வேண்டும். அந்தத் தவிசாளர்தான் நாகலெட்சுமியின் ஒரே மகள் ஷாமிலாவின் கணவர்.

நாகலெட்சுமிக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது. நூலகம் காலை ஒன்பதுக்குத் திறந்து மாலை நாலரைக்கு மூடுகிறது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவரும் அந்த நேரத்தில் உள்ளே கால் வைக்க முடியாது. ஏழு மணிவரை திறந்து வையுங்கள், ஞாயிறும் திறவுங்கள் என்று அவர் மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் "கவனத்தில் எடுக்கப்பட்டது" என்று பதில் வந்தது. குழுவுக்குள் உட்கார்ந்தாலொழிய இது நடக்காது என்று கண்டுகொண்டார்.

ஆனால் மருமகன் தயவில் வந்தாள் என்று ஒரு சொல் விழுந்துவிடக் கூடாது. நாகலெட்சுமியின் அப்பா கந்தப்பன் கணக்கப்பிள்ளை முப்பது வருடம் தோட்டத்தில் கொழுந்தை எடை நிறுத்தவர். சொந்தத் தங்கையின் கூடைக்கும் அரை இறாத்தல் கூட்டிப் போடாதவர். அந்தத் தங்கை சாகும்வரை அவரோடு பேசவில்லை. குடும்பத்தில் அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வார்கள்.

"அம்மா தோத்துட்டா ராத்திரிச் சாப்பாட்டை கடையிலயே பாத்துக்கங்க" என்று அன்று காலை ஷாமிலா கணவனிடம் சொன்னது நாகலெட்சுமியின் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு மருமகனின் வாகனத்தில் ஏற அவருக்கு மனம் வரவில்லை. தலவாக்கலை பஸ்ஸில் நின்றபடியே வந்து இறங்கினார்.

இரு விண்ணப்பதாரர்களும் பேசி முடித்தார்கள். நாகலெட்சுமி நூலக நேரத்தைப் பற்றிப் பேசினார். சோதனை எழுதும் பிள்ளைகள் எந்தப் புத்தகத்தைத் தேடி வருகிறார்கள் என்று தனக்குத் தெரியும் என்றார் முஹம்மது. அதுவும் நியாயமான பேச்சுத்தான். அழகம்மா, தன் ஓட்டு டீச்சரம்மாவுக்கே என்றார். பிரதாப் முஹம்மதுவுக்கு என்றார். ஆளுக்கு ஒன்று. எல்லோரும் நிரோஷனைப் பார்த்தார்கள். குளிருக்கு ஜன்னல் சாத்தியிருந்த அந்த அறையில் அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அத்தை..." என்று தொடங்கினார்.

"இங்க அத்தை யாரும் இல்லீங்க, தவிசாளர் அவர்களே. விண்ணப்பதாரர்னு சொல்லுங்க" என்றார் நாகலெட்சுமி. பிறகு செயலாளர் பக்கம் திரும்பினார். "பிரியந்தி மிஸ், சொந்தக்காரங்களப் பத்தி விதியில என்ன இருக்குன்னு வாசிங்க. எல்லாருக்கும் கேக்கணும்."

பிரியந்தி சிங்களப் பெண். தமிழைப் பாடமாகப் படித்துத் தேறியவர். வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தார். விண்ணப்பதாரரின் உறவினர் வாக்களிக்கக் கூடாது. அறையை விட்டு வெளியேற வேண்டும். நிரோஷன் மணியடித்ததும் ஓடும் பிள்ளையைப் போல எழுந்து போனார். கதவு சாத்தப்பட்டது.

வாசிக்கத் தொடங்கிய பந்தியைப் பாதியில் விடுகிறவர் அல்லர் பிரியந்தி. அடுத்த வரியையும் வாசித்தார். சபைக்குப் பொருள் விற்பவர் சபையின் எந்தக் குழுவிலும் இருக்க முடியாது.

வாசித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. நூலகத்துக்குத் தினமும் பேப்பர் போடுவது முஹம்மதுவின் கடை. பேப்பர் வாங்கும் உத்தரவில் கையொப்பம் வைத்தவரும் பிரியந்திதான். காலையில் பேப்பர்க் கட்டோடு வரும் மனிதரை யாரும் வியாபாரியாக நினைத்துப் பார்த்ததில்லை.

நாகலெட்சுமிக்கு முகம் கொதித்தது. தன் வீட்டு ஆளைத் தடுக்க வாசிக்கச் சொன்ன விதி எதிராளியை அல்லவா வெட்டிவிட்டது! தெரிந்தே வாசிக்க வைத்தாள் என்றுதானே ஊர் சொல்லும். பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"என் விண்ணப்பத்த வாபஸ் வாங்கிக்கிறேன்."

முதலில் சிரித்தவர் முஹம்மது. தனக்கே அது நினைவில்லை என்றார். பேப்பர் போடுவதை விட முடியாது, காலையில் நூலக வாசலில் நாலு பேரோடு பேசாவிட்டால் தனக்குப் பொழுதே விடியாது என்றார். டீச்சர் மேல் ஒரு குறையும் இல்லை என்று இரண்டு தரம் சொன்னார். நாகலெட்சுமி கேட்பதாக இல்லை. கதவருகே போய்விட்டார்.

அழகம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து குறுக்கே நின்றார். சபை உறுப்பினரான பிறகும் கொழுந்து பறிப்பதை விடாதவர்.

"நீங்க மானம் மரியாதைன்னு எந்திரிச்சுப் போயிருவீங்க, டீச்சரம்மா. நான் மலைய விட்டு எறங்கி, கொழுந்த நெறுத்துக் குடுத்துட்டு நூலகத்துக்கு வந்தா அஞ்சு மணி. பூட்டுத்தான் தொங்குது. ஒங்க மரியாதைக்காக நான் எதுக்கு வெளிய நிக்கணும்?"

கல்வி அதிகாரிகள்கூட நாகலெட்சுமியிடம் இப்படிப் பேசியதில்லை. அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். பை மடியிலேயே இருந்தது.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். தமக்கு எதிராக நின்ற பிரதாப் மனதாரக் கை தூக்கினால்தான் ஏற்பார். இல்லையென்றால் நாற்காலியைப் புதிதாக விளம்பரம் செய்யட்டும்.

பிரதாப் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். கொஞ்சம் கூடுதலாகவே யோசித்தார்.

"அஞ்சாம் வகுப்புல என்னைய இன்னொரு வருசம் ஒக்கார வச்சீங்க, டீச்சர். இன்னைக்கு நான் ஒங்கள ஒக்கார வைக்கிறேன்" என்று கையைத் தூக்கினார்.

அழகம்மாவின் கை அதற்கு முன்பே மேலே இருந்தது. உற்சாகத்தில் முஹம்மதுவும் தூக்கிவிட்டார். அதைக் கணக்கில் எடுக்க முடியாது, கீழே இறக்குங்கள் என்று பிரியந்தி பணிவாகக் கேட்டுக்கொண்டார். நாகலெட்சுமி அன்று முதல் தடவையாகச் சிரித்தார். நியமனக் கடிதத்தில் தவிசாளருக்குப் பதிலாகச் செயலாளரே கையொப்பம் வைத்தார். அது செல்லுமா என்று விதியைப் பார்த்த பிறகே நாகலெட்சுமி கடிதத்தை வாங்கிக்கொண்டார்.

அதற்கு அடுத்த மாதம் முதல் நூலகம் மாலை ஏழுவரை திறந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பற்றிப் பேச்சு நடக்கிறது.

மருமகன் கை தூக்கித்தான் மாமியாருக்கு நாற்காலி கிடைத்தது என்று பூண்டுலோயா பஸ்ஸில் பேசிக்கொள்கிறார்களாம். அது தவறு. கணக்கில் எடுத்த கைகள் இரண்டு: ஒன்று அழகம்மாவுடையது, மற்றது பிரதாப்புடையது. நிரோஷன் அந்த நேரம் வராந்தாவில் நின்றார். கதவு சாத்தியிருந்தது.