நடுப்படியில் இரண்டு பேர்

அப்பாவின் பெரிய சூட்கேஸ்தான் கொலுவின் கீழ்ப்படி. அதற்குப் பின்னால் பால்பவுடர் வந்த பெட்டிகளை ஒன்றைவிட ஒன்று உயரமாக அடுக்கி, அம்மா வெள்ளை வேட்டியை விரித்தாள். நடுப்படியில் காந்தி, செட்டியார் தம்பதி, ஒரு கை உடைந்த போலீஸ்காரர். அவர்களுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. மேல்வீட்டு மிஸஸ் வெர்னா கொடுத்த இரண்டு படங்களையும் நான் அங்கே சாய்த்து வைத்தேன். அம்மா பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்போது யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

போன வருஷம் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய், குழந்தை இல்லாமல் திரும்பி வந்தாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். "ஒரு மாசம் வீட்டப் பாத்துக்கம்மா ஜலஜா" என்றார் அப்பா. நான் அப்போது ஒன்பதாவது. அந்த மாதம் முடிந்தது. பள்ளிக்கூடம் போ என்று யாரும் சொல்லவில்லை, போகட்டுமா என்று நானும் கேட்கவில்லை. அம்மா எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும் நானே சோறு வடித்தேன், துணி துவைத்தேன். காலையில் நாங்கள் இருந்த அரபு ஊரின் குதைபியா தெருவில் பள்ளிக்கூட பஸ் ஹாரன் அடிக்கும். முதலில் ஜன்னலுக்குப் போய்ப் பார்ப்பேன். பிறகு அதுவும் ஏசி சத்தம் மாதிரி ஆகிவிட்டது. இருக்கிறது, காதில் விழுவதில்லை.

மிஸஸ் வெர்னாவை மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பழக்கம். கறுப்பு அமெரிக்கர். கணவருக்குக் கடற்படையில் வேலை, மிஸஸ் வெர்னா அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். அவர் பேசுவார், நான் தலையாட்டுவேன். அந்தப் படங்கள் அவர் வகுப்புச் சுவரில் இருந்தவை. தோல் தொப்பி போட்டவர் பெஸ்ஸி கோல்மன், விமானம் ஓட்டியவர். கண்ணாடி போட்டவர் ஷெர்லி சிஷோம். அமெரிக்க காங்கிரஸுக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண், ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஜனாதிபதி பதவிக்கே போட்டியிட்டவர். "இவரும் டீச்சராக இருந்தவர்தான், என்னை மாதிரி" என்று சிரித்தார். இந்தியப் பள்ளியின் தலைமை ஆசிரியை அவருக்குத் தெரிந்தவர். சனிக்கிழமை அப்பா வந்து கையெழுத்துப் போட்டால் மறுபடி ஒன்பதாவதில் சேர்த்துக்கொள்வார்களாம், அதற்குப் பிறகு இந்த வருஷம் முடியாதாம். அப்பாவிடம் சொல்கிறாயா என்றார். தலையாட்டினேன். சொல்லவில்லை. வியாழக்கிழமை சரஸ்வதி பூஜை, கொலுவுக்கு வாருங்கள் என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

வியாழன் சாயங்காலம் எதிர்வீட்டு ஜெயபாரதி அக்காதான் முதலில் வந்தாள். படிகளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சுசீலா, இந்தத் தடவ காளியாத்தா ஏரோப்ளேன்ல வந்துட்டாளா? தொப்பியெல்லாம் போட்டிருக்கா!"

"சும்மா இரு ஜெயா" என்றாள் அம்மா. "மேல்வீட்டு அம்மா கொடுத்தது."

அப்போதுதான் கவனித்தேன். இரண்டு படங்களுக்கும் நெற்றியில் குங்குமம். இரண்டுக்கும் பிளாஸ்டிக் மல்லிகைச் சரம். காலையில் விளக்கேற்றும்போது அம்மா வைத்திருக்கிறாள்.

மிஸஸ் வெர்னா கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். கொலுவை ஒவ்வொரு படியாகப் பார்த்தார். நடுப்படியில் கண் நின்றது. ஏன் மாலை என்று கேட்டார். அப்பா ஆங்கிலத்தில் சொன்னார், இறந்துபோன பெரியவர்களுக்கு எங்கள் வழக்கம், மரியாதைக்காக.

"பட் ஷெர்லி இஸ் அலைவ், மிஸ்டர் சிவசங்கரன்."

"என்னங்க சொல்றாங்க?" என்றாள் அம்மா.

"அந்தக் கண்ணாடிக்காரம்மா உயிரோடதான் இருக்காங்களாம்."

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயையோ! உயிரோட இருக்கறவளுக்கு மாலையப் போட்டுட்டேனே!" சரத்தைப் பிடுங்கினாள், முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். குங்குமம் போகவில்லை, கண்ணாடி வரை சிவப்பாக இழுத்துக்கொண்டது. மிஸஸ் வெர்னா சத்தமாகச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அப்படி எதுவும் தோன்றவில்லை.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மிஸஸ் வெர்னா பள்ளிக்கூடப் பேச்சை எடுத்தார். சனிக்கிழமை, ஒரு கையெழுத்து.

அப்பா முகம் மாறியது. "நாங்க தடுக்கலை. அவளுக்கே இஷ்டமில்லை. ஒரு வார்த்த கேட்டதில்லையே" என்றவர், அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். "வேணும்னா அவளையே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கையில் சுண்டல் கிண்ணம் சூடாக இருந்தது. அந்தச் சூட்டை மட்டும் நினைத்துக்கொண்டு நின்றேன். பிறகு கிண்ணத்தை மிஸஸ் வெர்னாவிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த புத்தகத்தை எடுத்து ஆளுக்கு நாலு வரி சத்தமாகப் படிக்க வேண்டும். அம்மா தேவாரம் படித்தாள். அப்பா ஆபீஸ் மேனுவலைத் திறந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, இரண்டு வரி படித்தார். அடுக்கில் என் புத்தகம் எதுவும் இல்லை. போன வருஷமே பழைய பேப்பரோடு போய்விட்டது.

"இந்தா, இதையே நீயும் படி" என்று தேவாரத்தை நீட்டினாள் அம்மா.

நான் நடுப்படியிலிருந்து தொப்பிக்காரரின் படத்தை எடுத்தேன். பின்பக்கம் மிஸஸ் வெர்னா பிள்ளைகளுக்காகக் குண்டு குண்டாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். படித்தேன். பெஸ்ஸி கறுப்பினப் பெண் என்பதால் அவர் நாட்டில் விமானப் பள்ளி எதுவும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் பிரெஞ்சு மொழி கற்றுக்கொண்டு பிரான்சுக்குப் போனார். யாரோ பக்கத்து வீட்டில் படிக்கிற மாதிரி என் குரல் கேட்டது. நாலு வரி முடிந்தும் நான் நிறுத்தவில்லை. கடைசி வரி வரை படித்தேன்.

அப்பா மேனுவலை மூடவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஆரத்தி எடுத்த பிறகு, கொலு முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும். கைக்கு எட்டியதை எடுக்கப் போனேன். கண்ணாடிக்காரரின் படம்.

"அத விடு" என்றாள் அம்மா. "உயிரோட இருக்கறவளப் படுக்க வைக்காத."

போலீஸ்காரரைப் படுக்க வைத்தேன். கூடத்தில் அப்பா நாளை சனிக்கிழமைக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எங்கே போவதற்கு என்று நான் கேட்கவில்லை. விளக்கு அணைகிற வரை நடுப்படியில் அந்தக் கண்ணாடிக்காரர், நெற்றியிலிருந்து கண்ணாடி வரை சிவப்பு இழுத்த முகத்தோடு, எங்களைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.