தரை குளிர்ந்த ஒன்பது நாள்

“பொய் சொல்லாதீங்க பின்னாஸ் அக்கா, உங்க வீட்டு பாய்லர் எரிஞ்சா என் புள்ள தவழுற தரை ஏன் இப்படி ஐஸா கெடக்கு?” என்று மேல்வீட்டு அய்தென் படிக்கட்டில் நின்று கத்துகிறாள், இடுப்பில் குழந்தை, குழந்தையின் காலில் காலுறைக்கு மேல் காலுறை, “எரியுதுடி, இருபத்திரண்டுல வெச்சிருக்கேன்” என்று நானும் சளைக்காமல் கத்துகிறேன், “அப்ப உள்ள வந்து ரேடியேட்டரைத் தொட்டுப் பாக்கட்டுமா?” என்கிறாள், “வீடு அலங்கோலமா கெடக்கு, இன்னொரு நாள் வா” என்று கதவை முதுகால் மறைத்துக்கொள்கிறேன், என் வீடு என்றைக்கு அலங்கோலமாகக் கிடந்தது, அது அவளுக்கும் தெரியும்... “எங்கிட்ட ஏன் பாயுற, கீழ நிகார் அக்கா இஸ்மீருக்கு மக வீட்டுக்குப் போயிட்டாங்க, பூட்டின வீடு, அங்கேருந்துதான் குளிர் ஏறி வருது.” அதோடு அடங்கிப் போவாள் என்று பார்த்தால், “போனதை நீங்க பாத்தீங்களா?” என்கிறாள். பாக்காம சொல்வேனா என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன்.

பார்த்தேனா? எதைப் பார்த்தேன்? என் வீட்டுக்காரர் காஸிம் இறந்த குளிர்காலத்திலிருந்து பதினோரு வருஷமாக என் பாய்லர் குளிக்கிற தண்ணீருக்கு மட்டும்தான் எரிகிறது, அறையைச் சூடாக்க இல்லை, இதில் ஒளிக்க என்ன இருக்கிறது, ஒளித்துக்கொண்டுதான் இருக்கிறேன், அது வேறு... அங்காராவில் வீடு தேடுகிற எவனும் மேல்மாடி வேண்டாம் அடிமாடி வேண்டாம் நடுமாடி இருந்தால் சொல் என்றுதான் கேட்பான், மேலே ஒருத்தி எரிப்பாள், கீழே ஒருத்தி எரிப்பாள், நடுவில் இருக்கிறவள் காசு செலவில்லாமல் ஜனவரியில் அரைக்கைச் சட்டையோடு தேநீர் குடிப்பாள். மாதம் ஒரு வீட்டில் பெண்கள் கூடுவோமே, என் முறை வரும்போதெல்லாம் “என்ன இதமா இருக்கு பின்னாஸ் உன் வீடு” என்பார்கள், “வெயில் படுற வீடு” என்பேன், வடக்குப் பார்த்த வீடு, ஒருத்திக்கும் திசை தெரியாது. ஒருத்திக்குத் தெரியும். அவள் கேக் தட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் நிகார் அக்கா, எழுபத்தொரு வயது, தனிக்கட்டை, முட்டியில் ஆபரேஷன், இரண்டாம் மாடி. அவள் சொல்லாமல் விட்டது எனக்கு அப்போது பெருந்தன்மையாகப் படவில்லை, பயந்தவள் என்று நினைத்துக்கொண்டேன், வாயில்லாதவர்களைப் பற்றி எனக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும்.

இந்தத் தெருவில் யார் யாரோடு பேசுவதில்லை, எவள் நிச்சயதார்த்தம் எந்த மாதம் முறிந்தது, எல்லாம் என்னிடம் கேட்டுத்தான் மற்றவர்களுக்குத் தெரியும், அதற்கெல்லாம் நான் அலைய வேண்டும், விசாரிக்க வேண்டும், நிகார் அக்கா விஷயத்தில் உள்ளங்கால் போதும். மகள் பேரப்பிள்ளைகளோடு வந்தால் தரை சுடும். காலை ஆறு மணிக்கு அக்கா எழுந்து பாய்லரைக் கூட்டினால் ஆறரைக்கு என் குதிகாலுக்குச் செய்தி வந்துவிடும். போன வாரம் செவ்வாய்க்கிழமை ஏழாகியும் வரவில்லை, எட்டாகியும் வரவில்லை, ஜன்னலில் எட்டிப் பார்த்தால் கீழே திரை மூடியிருந்தது, தரை குளிர்ந்தால் ஆள் இல்லை, ஆள் இல்லையென்றால் மகள் வீடு, மகள் வீடு என்றால் இஸ்மீர்... மத்தியானத்துக்குள் நாலு வீட்டில் சொல்லிவிட்டேன். வாசல் காவலாளி சதில்மிஷ் தினமும் காலையில் கதவுக் கைப்பிடியில் ரொட்டிப் பையை மாட்டிவிட்டுப் போவானே, அவனையும் கூப்பிட்டு, “நிகார் அக்கா ஊர்ல இல்ல, ரொட்டி மாட்டாதே, வீணாப் போகும்” என்றேன். எவ்வளவு அக்கறை எனக்கு.

அந்த இருமல் எந்தக் கிழமை? வெள்ளி. வெள்ளிக்கிழமைதான் கால் பொறுக்காமல் காஸிமின் அம்மா கொடுத்த பெரிய கம்பளத்தை அலமாரிக்குப் பின்னாலிருந்து இழுத்து விரித்தேன், மண்டி போட்டு மூலையை நீவும்போது கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது, தண்ணீர்க் குழாய் என்று நினைத்துக்கொண்டேன், குழாய் மூன்று தரம் செருமிவிட்டு ஓயுமா? அப்போதே தெரியாதா எனக்கு, ஊரார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று சொல்கிறவளுக்கு, தலைக்குக் கீழே ஒரு மனுஷி இருமியது தெரியாதா? சதில்மிஷும் சனிக்கிழமையிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை, படியைத் துடைத்துக்கொண்டே குனிந்துகொள்கிறான். இன்று புதன், ஒன்பதாவது நாள், வெளியே மூன்று நாளாகப் பனி. கீழே போய்த் தட்டி அவள் கதவைத் திறந்தால் இந்தக் கட்டடம் முழுக்க நான் பொய்க்காரி, திறக்காவிட்டால்... திறக்காவிட்டால் நான் யார்?

வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்தது, பருப்பு சூப்பைச் சுடவைத்துக் கிண்ணத்தில் ஊற்றித் தட்டால் மூடிக்கொண்டு இறங்கினேன், பதினாலு படி, இத்தனை வருஷத்தில் எண்ணிப் பார்த்தது இன்றுதான். தட்டினேன். மறுபடி தட்டினேன். சூப்பின் சூடு விரலைச் சுட்டது, இன்னும் கொஞ்சம் சுடட்டும் என்றிருந்தது. உள்ளே கைத்தடி ஊன்றும் சத்தம், ஒரு அடி, ஒரு நிறுத்தம், ஒரு அடி... திறந்தவள் கறுப்புக் கோட்டு, கம்பளித் தொப்பி, கையுறையோடு நின்றாள், வீட்டுக்குள்ளேயே மூச்சு புகையாக வந்தது. “என்னக்கா, ஊர்லேருந்து எப்ப வந்தீங்க?” என் வாய் தானாகக் கேட்டது, இந்த வாயை என்ன செய்ய.

“நீதானே அனுப்பி வெச்ச, நீதான் சொல்லணும்.” இருமினாள். அதே மூன்று செருமல். “மூணு நாளா ரொட்டி வரலியேன்னு சதில்மிஷுக்கு போன் போட்டேன், ஐயோ அம்மா நீங்க இஸ்மீர்ல இல்லையாங்குறான். யார் வேலைன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. நான் இருக்கறத யாருகிட்டயும் சொல்லாதேன்னுட்டேன்.”

“பாய்லர் கெட்டுப் போச்சாக்கா?”

“நல்லாத்தான் இருக்கு. நான்தான் அணைச்சேன்.” கதவுநிலையில் சாய்ந்துகொண்டாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. உள்ளறையில் ஒரு சின்ன மின்னடுப்பு சிவப்பாகத் தெரிந்தது, அதன் முன்னால் ஒரே ஒரு நாற்காலி. “மொத நாளே வந்துருவன்னு நெனச்சேன் பின்னாஸ். என்னக்கா தரை குளுருது, ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேப்ப. இல்ல, சண்டை போடவாவது வருவ, அதுவும் எனக்கு நல்லாத்தான் இருந்திருக்கும், யாரு வர்றா இங்க. உன் காலடியத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். வியாழக்கிழமை கம்பளிக் காலுறை போட்ட, சத்தம் மாறிச்சு. வெள்ளிக்கிழமை கம்பளம் விரிச்ச. அப்புறம் ஒண்ணுமே கேக்கல.” கொஞ்சம் நிறுத்தி, “அத்தாம்பெரிய கம்பளத்தை இழுக்கற நேரத்துல எறங்கி வந்திருக்கலாம்” என்றாள், கோபமாகக்கூட இல்லை.

நான் பாய்லரை ஏத்தட்டுமாக்கா, டாக்டரைக் கூப்பிடட்டுமாக்கா என்று என்னென்னவோ சொன்னேன். “சூப்ப நீயே குடி, ஆறிடும்” என்று கதவை மெல்லச் சாத்தினாள், அறைந்து சாத்தியிருந்தால் அதையாவது நாலு பேரிடம் சொல்லியிருப்பேன்.

நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்று அந்த மாதக் கடைசியில் மகள் காரோடு வந்து நிஜமாகவே இஸ்மீருக்குக் கூட்டிப்போனாள், நான் சொன்ன பொய்களில் பலித்தது அது ஒன்றுதான். அங்கேயும் இருமல் நிற்கவில்லையாம், என் பெயரை எடுத்தால் எந்தப் பின்னாஸ் என்று கேட்கிறாளாம், மறதியா வேண்டுமென்றேவா தெரியவில்லை, விசாரிக்க ஆளில்லை. அய்தென் வசந்தத்தில் மாமியார் வீட்டுக்கே குடிபோனாள், போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. சதில்மிஷின் பெண் சோரும் என்கிற ஊர்ப் பையனைக் கட்டிக்கொண்டு போனாள், அழைப்பு எல்லா வீட்டுக்கும் வந்தது, என் கைப்பிடியில் ரொட்டிப் பை மட்டும் தொங்கியது. மேலே காலி, கீழே காலி, அக்டோபரிலேயே பாய்லரை இருபத்துநாலில் வைத்துவிட்டேன், ரேடியேட்டரில் கை வைக்க முடியவில்லை, தரை மட்டும் கல்லறைக் கல் மாதிரி... பதினோரு வருஷம் நிகார் அக்கா எவ்வளவு எரித்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது, உறைத்து என்ன. நவம்பரில் நிகார் அக்கா வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி குடி வந்தது, நாலைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டு நிற்கிறேன், குதிகாலில் மெல்ல ஏறியது அந்தச் சூடு, காலுறையைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றேன், கண் கலங்கியது என்றுகூடச் சொல்லலாம், ஒரு தட்டில் ஏதாவது எடுத்துக்கொண்டு நாளைக்குக் கீழே போக வேண்டும், அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பாய்லரிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம், நிமிர்ந்து பார்த்தால் என் கை அதன் குமிழின் மேல் இருக்கிறது, எப்போது போய் அணைத்தேன்... இப்போது பிப்ரவரி. அவள் பெயர் எனக்கு இன்னும் தெரியாது.