நீலக் கயிறு

கருவடிக்குப்பத்தில் ராஜாங்கம் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று தெருக்கோடி வரைக்கும் தெரியும். அந்த வீட்டில் யாரும் பேசமாட்டார்கள், கத்துவார்கள். மில் ஓடிய காலத்தில் தறிகளுக்கு நடுவே நின்று நின்று ராஜாங்கத்துக்குக் காது மந்தமாகிவிட்டது. மில்லை மூடி, அவர் ஓட்டல் வாசலில் வாட்ச்மேன் ஆன பிறகும் போன காது திரும்பவில்லை. அவர் மனைவி ஜெயம் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவள். அத்தனை இரைச்சலையும் தாண்டி ஆளைக் கூப்பிடுகிற தொண்டை அவளுக்கு. இந்த இரண்டு பேரும் பெற்ற ஒரே பெண் கவிநிலா, அவர்களுக்குக் கொஞ்சமும் சளைக்காமல் கத்தினாள். “உங்க வீட்டுச் சண்டைக்கு மைக்செட்டே வேணாம்டி” என்பாள் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள். சண்டை ஏது? சோறு போடச் சொன்னதுதான் அது.

அப்பேர்ப்பட்ட பெண் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொன்னபோது ஜெயத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

ரெட்டியார்பாளையத்தில் இருக்கிற தனியார் பள்ளி அது. நாலாம் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை வைத்தார்கள். பாடத்தில் இல்லை, குணத்தில். பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் மேடம் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசிப்பார். கூட்டம் பிடிக்குமா, புதியவர்களோடு பேசுவாயா, மேடையேற ஆசையா? பிள்ளைகள் ஆமாம், இல்லை என்று குறிக்க வேண்டும். கலகலப்பான பிள்ளைகளின் அடையாள அட்டைக்கு மஞ்சள் கயிறு, ஒதுங்குகிற பிள்ளைகளுக்கு நீலக் கயிறு. ஆட்டுக்குக் காதை நறுக்கி அடையாளம் வைப்பார்கள். இவர்கள் கழுத்தில் மாட்டினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கவிநிலாவுக்கு நீலம்.

“வீட்ல வாய் ஓயாதுங்க மேடம். எங்க பொண்ணத்தான் சொல்றீங்களா?” என்று ஜெயம் கேட்டாள்.

மேடம் பூப்போலப் பேசுகிறவர். “இந்த டைப் குழந்தைங்க அப்படித்தாம்மா. வீட்டுல சுதந்திரமா இருப்பாங்க, வெளிய வந்தா உள்ளுக்குள்ள போயிடுவாங்க. இது குறையில்ல, குணம். நீங்க மாத்தணும்னு நினைக்காதீங்க. நாங்களும் தொந்தரவு பண்ண மாட்டோம்.”

குறையில்லை என்று ஒரு படித்த வாய் சொன்னதில் ஜெயத்துக்குக் குளிர்ந்துபோனது. நிறைகுடம் தளும்பாது என்பார்களே, தன் பெண் நிறைகுடம். மார்க்கெட்டில் பக்கத்துக் கடைக்காரிகளிடமெல்லாம் சொல்லி மாய்ந்தாள்.

பள்ளியும் சொன்ன சொல் தவறவில்லை. நீலக் கயிறுகளைத் திடீரென்று எழுப்பிக் கேள்வி கேட்கக் கூடாது என்று டீச்சர்களுக்கு உத்தரவு. சந்தடி படாமல் இருக்கட்டும் என்று கவிநிலாவைக் கடைசி பெஞ்சில் ஜன்னலோரமாக உட்கார வைத்தார்கள். ஒப்பித்தல் போட்டியில் அவள் பெயர் இல்லை. நாடகத்தில் சேரக் கை தூக்கினாள். உனக்கு லைப்ரரிதான் ஒத்துவரும் என்று கையை இறக்கிவிட்டார்கள். மார்க் குறைந்தது. நீலக் கயிறுகளின் வேகம் வேறு என்றார் மேடம். பிள்ளைகள் விளையாடக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அதற்கும் அந்தக் கயிறே பதிலாக இருந்தது. எல்லாரும் அன்பாகவே இருந்தார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு முசுட்டு டீச்சர் இருந்து, ஏண்டி பதில் சொல்ல மாட்டேன்கிறாய் என்று இரண்டு முறை அதட்டியிருந்தால்கூட விஷயம் வெளியே வந்திருக்கும்.

“ஆண்டு விழாவுல நீ ஆடலியாடி?” என்று ராஜாங்கம் ஒருநாள் கேட்டார்.

“நான் நீலம்ப்பா. நாங்கல்லாம் ஆட மாட்டோம்” என்று கத்தினாள் கவிநிலா.

அவள் ஆறாம் வகுப்புக்கு வந்த வருஷம், ஜெயத்துக்குத் தொண்டை போனது. கத்திக் கத்தி உள்ளே காய்ப்பு விழுந்துவிட்டது என்றார் டாக்டர். ஒரு மாசம் கடைப்பக்கம் போகக் கூடாது. வீட்டிலும் மெதுவாகத்தான் பேச வேண்டும். மீறினால் குரலே இருக்காது என்றார். தன் வாழ்நாளில் முதல் தடவையாக, அந்த மேடம் மாதிரிப் பூப்போலப் பேசினாள் ஜெயம்.

அன்றிலிருந்து பெண் மாறிப்போனாள். சாப்பிட வாடி என்றால் திரும்புவதில்லை. தலை பின்னும்போது என்ன கேட்டாலும் பதில் இல்லை. பள்ளிக்கூடத்துக் குணம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று ஜெயம் பயந்தாள். சரி, வளர்கிற பிள்ளை, இந்த டைப் இப்படித்தான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் பெற்ற வயிறு கேட்கவில்லை. சமையற்கட்டில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

ஒரு சனிக்கிழமை, தட்டில் இட்லியை வைத்துவிட்டு, “சட்னி போதுமாடி?” என்றாள். கவிநிலா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“எம்மேல இன்னாம்மா கோவம் உனக்கு? நான் இன்னா பண்ணேன்? ஏன் எங்கிட்ட பேச மாட்டேன்ற? ஸ்கூல்ல இருக்கறவங்க மாரியே நீயும் வாய மட்டும் ஆட்ற!”

 மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றபோது ஜெயம் எழுந்து அவள் முதுகுப் பக்கம் போய் நின்று, “கவிம்மா” என்றாள். “ஏ கவி, என் தங்கமே” என்றாள். அந்தப் பெண் அசையவில்லை. காலியான இடத்தைப் பார்த்து, எங்கே போனாள் என்று அம்மாவைத் தேடியது.

மகளைத் தன் பக்கம் திருப்பி, டாக்டர் சொன்னதை மறந்து, ஜெயம் கத்தினாள். “அந்த டெஸ்ட் வெச்சாங்களே, மேடம் கேட்டதெல்லாம் உனக்குக் கேட்டுச்சாடி?”

“இல்லம்மா. எழுந்து கேட்டா எல்லாரும் சிரிப்பாங்க. அதான் எல்லாத்துக்கும் இல்லன்னு போட்டுட்டேன்.”

பெரியாஸ்பத்திரிக்குத் தாயும் மகளும் மட்டும்தான் போனார்கள். ராஜாங்கம் வந்தும் பிரயோஜனமில்லை, டாக்டர் பேசுவது அவருக்கும் கேட்காது. சோதனைகள் எடுத்தார்கள். முடிவு சொல்லும் நாளில், பள்ளி விட்டதும் கவிநிலாவை யூனிபார்மோடு அழைத்துக்கொண்டு வந்தாள் ஜெயம்.

டாக்டர் தணிந்த குரலில் சொன்னார். வலி தெரியாமலே செவிப்பறைக்குப் பின்னால் சதை வளர்ந்து எலும்பை அரித்திருக்கிறது. வலது காது போனது போனதுதான். மூளைக்கு ஏறாமல் இருக்க ஆபரேஷன் செய்ய வேண்டும். இடதில் பாதிதான் மிச்சம். அதையாவது காப்பாற்றப் பார்க்கலாம்.

“ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா ரெண்டு காதையுமே காப்பாத்தியிருக்கலாம்மா. ஸ்கூல்ல யாரும் எதுவும் சொல்லலியா?”

“சொன்னாங்க சார்” என்றாள் ஜெயம். “அமைதியான டைப்புனு சொன்னாங்க.”

வெளியே வராந்தாவில் சீட்டுக்கு நிற்கிற கூட்டம். கவிநிலா கையைப் பிடித்து இழுத்தாள். “டாக்டர் இன்னாம்மா சொன்னாரு?”

மடியில் போட்டுத் தலையைத் தடவிக்கொண்டே சொல்ல வேண்டிய சேதி. அந்தப் பிள்ளைக்கு அப்படிச் சொல்ல வழியில்லை. ஜெயம் குனிந்து, இடது காதோரம் வாயை வைத்து, புண்ணான தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தினாள்.

“உனக்குக் காது கேக்கலடி! ஒரு காது போயிடுச்சி! ஆபரேஷன் பண்ணணும்!”

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ உச்சுக்கொட்டினார்கள். கவிநிலா அழவில்லை. அட்டையைத் தாங்கியிருந்த கயிற்றைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஏதோ தெளிவதுபோல இருந்தது. பெற்றவளுக்கு அதைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

“அப்ப நான் நீலம் இல்லியாம்மா?”

இல்லடி, இல்லவே இல்லடி என்றாள் ஜெயம். அது அவளுக்கே கேட்கவில்லை.