பூ வைக்காத ஞாயிறு

கார்த்திகை மாதத்தின் கடைசி ஞாயிறு வந்துவிட்டால் ஆம்பூர் அமிர்தவள்ளி விரிஞ்சிபுரம் போயே ஆக வேண்டும். பிள்ளையில்லாத பெண்கள் அன்றைக்கு அங்கே மார்க்கபந்தீஸ்வரர் கோயிலின் சிங்கமுகக் குளத்தில் முங்கி, ஈரப் புடவையோடு பிரகாரத்தில் விழுந்து கும்பிட்டு வரம் கேட்பார்கள். அமிர்தவள்ளியும் கேட்பாள். தெருவில் இதைப் பேசாத வாய் கிடையாது. "புருஷனே ஊர்ல இல்ல, இவ போய் புள்ள வரம் கேக்கறாளாம்" என்று குழாயடியில் சிரிப்பார்கள். அவள் காதில் விழட்டும் என்றே சிரிப்பார்கள். அவளும் சளைத்தவள் இல்லை. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "கேட்டு வைக்கிறதுல இன்னாக்கா தப்பு? அவரு அட்ரஸு சாமிக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள்.

சாமிக்குத் தெரியுமோ தெரியாதோ, அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு ஞாயிறுதான். வருஷம் முழுக்க எங்கே இருக்கிறான், என்ன சாப்பிடுகிறான் என்று தெரியாத புருஷன் மதியழகன் அன்றைக்கு மட்டும் வருவான்.

மதியழகன் தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஷிப்ட் முடிந்து வரும்போது தெருமுனையிலிருந்தே "வள்ளீ, சுடுதண்ணி!" என்று கத்துவான். தோல் வாடையோடு வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது அவனே போட்டுக்கொண்ட சட்டம். அந்தச் சத்தம் கேட்டுத்தான் தெருவில் பாதிப் பேர் அடுப்பில் உலை வைப்பார்கள். கல்யாணமான புதிதில் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். இப்போது அந்தக் கத்தலுக்காக எதை வேண்டுமானாலும் கொடுப்பாள்.

அந்தக் குரல்தான் வினையாகப் போயிற்று. தொண்ணூற்று மூன்றில் ஷாப்பில் ஒருவன் சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்து கால் வெந்துபோனான். நியாயம் கேட்டு ஆட்கள் ஷாப் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். எங்கிருந்தோ கல் பறந்தது, போலீஸ் ஜீப் எரிந்தது. மதியழகன் கல்லைத் தொடவில்லை. முன்னால் நின்று கத்தினான், அவ்வளவுதான். யார் கல்லெடுத்தது என்று போலீசுக்குத் தெரியவில்லை. யார் கத்தியது என்று ஊருக்கே தெரியும். முதல் பெயராக அவன் பெயரை எழுதிக்கொண்டார்கள். அவன் அன்றைக்கே பதுங்கிவிட்டான்.

மறுநாள் காலையில் ராமமூர்த்தி என்கிற போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். அதட்டவில்லை, உருட்டவில்லை. முக்காலியில் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். "பெரியவன் வர்ற வரைக்கும் சின்னவன அனுப்பும்மா. சும்மா விசாரிச்சிட்டு சாயந்திரமே உட்ருவாங்க. நான் பொறுப்பு" என்று மாமியார் பூவம்மாளிடம் சொன்னார். மதியழகனின் தம்பி தணிகாசலம் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு அவர் சைக்கிளுக்குப் பின்னால் நடந்து போனான். ஒரு வாரம் கழித்து இரண்டு பேர் அவனைத் தாங்கிக்கொண்டு வந்து வாசலில் விட்டார்கள். அன்றிலிருந்து அவனுடைய வலது கை தோளுக்கு மேலே எழும்புவதில்லை. இன்றைக்கும் அவனுக்குத் தலைவாரிவிட அம்மா வேண்டும். தெருவில் யாராவது நம்ப முடியாத வாக்குக் கொடுத்தால், "ராமமூர்த்தி சொன்ன மாதிரியா?" என்று கேட்கிற வழக்கமே வந்துவிட்டது.

தம்பியின் கதி தெரிந்ததும் மதியழகன் ரயிலேறிவிட்டான். ஏறுவதற்கு முன்னால் அமிர்தவள்ளியை ஆள் விட்டு வரச்சொல்லி ஒன்றே ஒன்று சொன்னான். "கடை ஞாயிறு விரிஞ்சிபுரம் வா. நேரம் காட்டுற கல்லாண்ட உக்காந்துக்கோ. பின்னால போலீசு வந்திருந்தா தலையில கனகாம்பரம் வச்சிக்கோ. நான் தூரத்துல பாத்துட்டு அப்படியே போய்டறேன். யாரும் இல்லன்னா பூ வைக்காத."

முதல் வருஷம் பஸ்ஸிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கடைசி சீட்டில் சாதாரணச் சட்டை போட்ட யாரோ ஒருவன், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போட்டிருந்தது போலீஸ் பூட்ஸ். கோயில் வாசலில் பூ வாங்கி வைத்துக்கொண்டாள். கூட்டத்தில் ஒரு முதுகு திரும்பிப் போனதை மட்டும்தான் பார்த்தாள். திரும்பும்போது பள்ளிகொண்டா வரும்வரை பஸ்ஸில் அழுதாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் பூ இல்லாமல்தான் போனாள். கோயிலுக்கு வெறுந்தலையோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணை மற்ற பெண்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. முதலில் தலையைப் பார்ப்பார்கள், உடனே கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரக்கப்பட்ட சிலர் தங்கள் பூவில் கிள்ளிக் கொடுக்க வருவார்கள். இவள் வேண்டாம் என்று தலையை ஆட்டுவாள். கொஞ்ச நேரத்தில் ஒருவன் வந்து, இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கல்லில் நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்கிற மாதிரி நிற்பான்.

"அம்மா சாப்புடுதா?"

"சாப்புடுது."

"தம்பி கை?"

"அப்படியேதான் இருக்கு."

"நீ இளைச்சிட்ட வள்ளி."

ஊரையே எழுப்பிய குரல் இப்போது உதட்டைத் தாண்டி வராது.  அவன்கூடவே போய்விடலாம்தான். தள்ளாத வயதில் மாமியாரையும் கை எழும்பாத கொழுந்தனையும் யாரிடம் விட்டுவிட்டுப் போவது? இளமையெல்லாம் ஒரு முதுகைப் பார்த்தே கழிந்துகொண்டிருந்தது.

இந்த வருஷம் ஐப்பசியில் ராமமூர்த்தி மறுபடி வந்தார். இப்போது ஏட்டு. தலை முழுக்க நரைத்துவிட்டது. உள்ளே வரவில்லை, முக்காலியில் உட்காரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"கேஸை கவர்மெண்டே வாபஸ் வாங்கிடுச்சும்மா. மதியழகன் ஊருக்கு வரலாம். யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"சும்மா விசாரணைக்கா ஏட்டய்யா?" என்றாள் அமிர்தவள்ளி.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "அன்னிக்கு எங்க எஸ்.ஐ. என்கிட்ட அப்படித்தான் சொன்னாரும்மா. நானும் அத நம்பித்தான் இட்டுனு போனேன்."

"இதுவும் யாரோ உங்ககிட்ட சொன்னதுதான?"

அவர் கிளம்பத் திரும்பினார். பிறகு, "என்ன நம்ப வேணாம். கோர்ட்டுல கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே இருந்த தணிகாசலம் சிரித்தான். சிரித்துவிட்டு, "உஷாரா இரு அண்ணி" என்றான்.

அமிர்தவள்ளி ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறாள். பக்கத்து மெஷின் ரஃபத் ஜஹான். அவளுடைய அண்ணன் நயீம் அகமது வக்கீல் குமாஸ்தா. ரஃபத் சொல்லி அவர் கோர்ட்டில் விசாரித்துவிட்டு வந்தார். மறுநாள் ரஃபத், சூப்பர்வைசர் முறைப்பதையும் பொருட்படுத்தாமல், மெஷினை நிறுத்திவிட்டு அவள் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"நிஜம்தான்டி. அண்ணனே கண்ணால பாத்துட்டு வந்துட்டாரு. கேஸ் கதம். நீ அவர இட்டுனு வா, நான் பிரியாணி ஆக்கறேன்."

அதற்கப்புறம் அமிர்தவள்ளிக்குத் தரையில் கால் பாவவில்லை. பரண்மேல் கிடந்த அண்டாவை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தாள். சுடுதண்ணி போட வேண்டாமா? குழாயடியில் சிரிப்பவர்களை எல்லாம் நினைத்துக்கொண்டாள். தெருமுனையிலிருந்து ஒரே ஒரு கத்தல் கேட்கட்டும், எல்லோர் முகமும் எப்படிப் போகிறதென்று பார்க்கலாம். அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. பிள்ளை வரத்தை இந்தத் தடவை உண்மையாகவே கேட்கலாம் என்று நினைத்தபோது தனியாகவே சிரித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்கவில்லை. குளத்தில் முங்கி எழுந்து, விழுந்து கும்பிட்டு, புடவை மாற்றிக்கொண்டு, வெறுந்தலையோடு கல்லுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். 'கேஸ் இல்லீங்க. வீட்டுக்குப் போலாம் வாங்க.' அவ்வளவுதான். ஒன்பது வருஷம் காத்திருந்தது இந்த இரண்டே வார்த்தை சொல்லத்தான்.

"வந்துட்டியாம்மா?"

நிமிர்ந்தாள். ராமமூர்த்தி நின்றுகொண்டிருந்தார். திருவிழா பந்தோபஸ்துக்கு மாவட்டம் முழுவதிலிருந்தும் ஆள் இறக்கியிருந்தார்கள். காக்கி, தொப்பி, கையில் லத்தி. அவள் சட்டென்று எழப் போனாள்.

"பயப்படாதம்மா. எனக்கு மொதல்ல இருந்தே தெரியும்" என்றார் அவர் தணிந்த குரலில். "மொத வருஷம் பஸ்ஸுல உன் பின்னால வந்தது நான்தான். அன்னிக்கு பூ வச்சிருந்த. அடுத்த வருஷம் இங்க டூட்டிக்கு வந்தேன், பூ இல்லாம உக்காந்திருந்த. ஒருத்தன் முதுகைக் காட்டினு நின்னான். எனக்கு புரிஞ்சிடுச்சு. தணிகாசலத்த இட்டுனு போன பாவமே போதும்னு யாருகிட்டயும் வாய தொறக்கல."

 கட்டிய புருஷனும் தானும் மட்டுமே காத்துவந்த ரகசியம் என்று அமிர்தவள்ளி நினைத்திருந்தாள். மூன்றாவதாக ஒருவரும் அதைக் காத்துவந்திருக்கிறார், அதுவும் இவர்! அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்றைக்கோ விலங்கு மாட்டியிருப்பார்கள்.

"அடுத்த மாசம் ரிடயர்டு ஆகறேன். நானே அவன்கிட்ட சொல்றேம்மா. காக்கியில இருக்கறப்பவே சொன்னாதான் நம்புவான். தம்பிக்காக ஒரு வார்த்தை மன்னிப்பும் கேட்டுக்கறேன்."

தள்ளிப் போய் நில்லுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அது அவளுக்குத் தோன்றாமலும் இல்லை. ஆனால் இத்தனை வருஷம் வாயைத் திறக்காத மனுஷரைப் பார்த்து 'போங்க' என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு போலீஸ்காரரை நம்பினாள். இருக்கட்டும், அவரே சொல்லட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

மண்டபத் தூணுக்குப் பக்கத்தில் மதியழகன் தெரிந்தான். தாடியில் நரை கூடியிருந்தது. தோளில் ஒரு பை. முதலில் அவள் தலையைத்தான் பார்த்தான். பூ இல்லை. முகமெல்லாம் மலர்ந்து இரண்டடி முன்னால் வந்தான். அப்புறம்தான் அவளுக்குப் பக்கத்தில் நின்ற காக்கியைப் பார்த்தான். அது எந்த முகம் என்பதையும் பார்த்தான்.

நின்றுவிட்டான். ராமமூர்த்தியை அதற்குமேல் பார்க்கவில்லை. அவளையே பார்த்தான். தலையில் பூ இல்லை, பக்கத்தில் தம்பியை அழைத்துப்போன அதே ஆள். அவன் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று அவளுக்குக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி தெரிந்தது. பூ வைக்காமல் உட்கார்ந்து, வரலாம் என்று காட்டி வரவழைத்துவிட்டாள். வள்ளியே காட்டிக்கொடுத்துவிட்டாள்.

"ஏங்க! கேஸ் இல்லீங்க! வாங்க!" என்று கத்தினாள். மேளமும் கூட்டமும் அந்தக் கத்தலை விழுங்கிவிட்டன. அவனுக்கு இருந்த தொண்டை அவளுக்கு இல்லை.

அப்போது ராமமூர்த்தி ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்துக்கொண்டு, "வாப்பா, வா!" என்று கையைத் தூக்கிக் கூப்பிட்டார். தூக்கிய கையில் லத்தி இருந்தது.

மதியழகன் கூட்டத்துக்குள் புகுந்து மறைந்துவிட்டான். ஏட்டு பதறிப்போய்த் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடக் கிளம்பினார். அமிர்தவள்ளி அவர் சட்டைக் கையை எட்டிப் பிடித்தாள்.

"ஓடாதீங்க ஏட்டய்யா. நீங்க ஓடினா அவரு இன்னும் வேகமா ஓடுவாரு."

அவர் நின்றார். லத்தியைக் கீழே போட்டுவிட்டு, "நான் நல்லதுக்குத்தான்மா..." என்று ஆரம்பித்தார்.  கிழவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அவரைத் திட்ட வேண்டும் போல ஆத்திரம் வந்தது அவளுக்கு. யாரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? இதுவரை அவன் போலீசைத்தான் நம்பாமல் இருந்தான். இனிமேல் அவளையும் நம்பமாட்டான். அடுத்த கடை ஞாயிறு அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் யாரும் வந்து நிற்கப்போவதில்லை.

எழுந்தாள். "நீங்க இங்கயே இருங்க. என் பின்னால வராதீங்க" என்று அவரிடம் சொன்னாள்.

கோயில் வாசலில் பூக்காரி கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அமிர்தவள்ளி கனகாம்பரம் வாங்கினாள். ஈரம் காயாத தலையில் அதை நன்றாக வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டாள். வராதீங்க, போய்டுங்க, நான் உங்க பக்கம்தான் என்று சொல்ல அவளிடம் வேறு பாஷை கிடையாது. இன்னும் அவன் எங்கேயாவது தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, பிரகாரத்தை மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தாள். எதிரே வந்த ஒரு பெண், "பூ நல்லா இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.